நால்வர் எழுதிய மனு

எங்கள் சங்கத்தில் ஓர் ஆணி அடிக்கத் தெரிந்தவர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் குறைகளை மேலிடத்தில் எடுத்துச் சொல்வோம், மனிதர் வாழத் தகுந்த வீடுகள் கிடைக்கச் செய்வோம் என்று சங்கம் ஆரம்பித்தபோது அதை நடத்த முன்வந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தலைவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்து, வேலை போன டிரெஸ்ஸர் துணைத் தலைவர். வேலை குறைந்துபோன தையல்காரர் பொருளாளர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்து, பள்ளியையே மூடிவிட்டதால் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த நான் காரியதரிசி. ரப்பர் விலை விழுந்த காலம் அது. யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு நேரம் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

தலைவர் ஓய்வுபெற்று வரும்போது ரயில்வேயின் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். கேட்டுக்கொண்டு வந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கூட்டத்தில் பச்சையைக் காட்டினால் பேசலாம், சிவப்பைக் காட்டினால் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். எதிலாவது சந்தேகம் வந்தால் 'அபாயம்' என்று எழுதிவிடுவது அவருடைய பழக்கம். அப்படி எழுதி வைத்துவிட்டால் பிறகு எது கவிழ்ந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டரின் தலை தப்பும் என்பார்.

டிரெஸ்ஸர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பலகைச் சுவரை இரண்டு விரலால் தட்டுவார். பிறகு காதை வைத்துக் கேட்பார். "உள்ள சளி கட்டியிருக்கு" என்பார். மழைத் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில நாட்கள் ஆயின.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடா இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கோட்டுத் தைத்த கை. எதை அளந்தாலும் அரை அங்குலம் கூட்டித்தான் சொல்வார். தையலுக்கு உள்ளே விடும் துணி அது. இந்த அரை அங்குலம் பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு எல்லாரும் ஐந்தாம் வகுப்பு. தலைவரையே ஒருமுறை, கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்காகக் கதவோரம் நிற்கச் சொல்லிவிட்டேன். பாவம், கொடிகளோடு நின்றார்.

நான் குடியிருந்தது ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பன்னிரண்டு வீட்டு வரிசையில். பலகைச் சுவர், பலகைத் தரை, அத்தாப்பு ஓலைக் கூரை. பின்கட்டில் சமையலறை மட்டும் மண் தரை, ஒரு படி இறங்க வேண்டும். என் கணவர் காய்ச்சலில் போன பிறகு நானும் அம்மாவும்தான் அங்கே. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மாதம் சுவரைத் தடவித் தடவி நடந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மாவுக்குக் கண் தெரியாது என்பதையே நான் மறந்துபோனேன். பாயிலிருந்து வாசலுக்கு ஏழு காலடி. சமையல்கட்டுக்கு ஒன்பது, பிறகு ஒரு படி இறக்கம், இடது கையை நீட்டினால் தண்ணீர்ப் பீப்பாய், வலது பக்கச் சுவர் முடியும் இடத்தில் அடுப்பு. வாசலுக்கு உள்ளே இரண்டாவது பலகை கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை வைத்தே வந்தது யார், என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார். சோறு வடிப்பார், குழாயடியில் வரிசை பிடித்துச் சண்டை போடுவார், ஜெயிப்பார். வேறு எந்த வீட்டிலும் அம்மா கண் தெரியாத ஒரு கிழவி. இந்த வீட்டில் அவர் அம்மா. ஆகவே எனக்கு மற்ற எதையும்விட அந்த வீடு முக்கியம்.

ஆனால் கூரை ஒழுகியது. வீட்டுக்குப் பின்னால் ஓடிய லோங்காங், மழை வந்தால் சாக்கடை என்ற தன் வேலையை விட்டுவிட்டு ஆறாகப் பார்த்தது. வீட்டு முதலாளி கிள்ளானில் இருந்தார். வாடகைக்கு ஆள் அனுப்புவாரே தவிர ஓர் ஓலை அனுப்பமாட்டார். சுகாதார ஆபீசுக்கு மனுப்போட்டு அவர்களைக் கொண்டு முதலாளியை நெருக்கிப் பழுதுபார்க்க வைப்பது என்று சங்கம் முடிவு செய்தது. எங்கள் முதல் மனு அது. நால்வரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினோம்.

எழுதியவர் டிரெஸ்ஸர். நோயாளிக் குறிப்பு எழுதிய ஆங்கிலம், மழுப்பலே கிடையாது. ஒவ்வொரு வீட்டையும் தலை முதல் கால் வரை சோதித்து, கூரையில் ஆரம்பித்துத் தூணில் முடித்தார். ஆறாம் வீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கே அதன்மேல் இரக்கம் வந்துவிட்டது. விரிசல், இடுக்கு, சாய்வு எல்லாவற்றுக்கும் தையல்காரர் அளவு கொடுத்தார். எல்லா அளவிலும் அரை அங்குலம் உள்ளே விட்டிருந்தார். தலைவர் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் 'அபாயம்' என்று எழுதச் சொன்னார். நான் என்ன செய்தேன்? "இன்னும் ரெண்டு உதாரணம் சேருங்க, கட்டுரை பத்தாது" என்று டிரெஸ்ஸரை விரட்டி, மொத்தத்தையும் நல்லெழுத்தில் எழுதி, மனத்துக்குள் பத்துக்குப் பத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றே வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மனிதர் மனுவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இத எழுதினது யார்?"

டிரெஸ்ஸர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"இவ்வளவு கிளியரா ஒரு மனு எங்க ஆபீசுக்கு வந்ததே இல்ல. துரை ரெண்டு தடவ வாசிச்சாரு. இப்படிப்பட்ட வீட்டுல மனுசங்கள ஒரு நாள்கூட விட்டு வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு, பன்னிரண்டு கதவிலும் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டே போனார். குடியிருக்கத் தகுதியற்றது, ஒரு மாதத்தில் இடிக்கப்படும்.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயா, அளவுல அரை அங்குலம் முன்ன பின்ன இருக்கும். வேணும்னா கொறைச்சுக்கலாம்."

"முன்ன சொன்னது பொய்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பொய் இல்லீங்க. தையலுக்கு விட்டது."

இன்ஸ்பெக்டர் அவரை ஒருமாதிரி பார்த்தார். நல்ல மனிதர்தான். போகும்போது, ஒரு மாதத்துக்குள் பழுதெல்லாம் சரியாகி மறுசோதனையில் தேறினால் உத்தரவு ரத்தாகும் என்று ஒரு வழியைச் சொல்லிவிட்டுப் போனார். எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டிரெஸ்ஸரிடம் கெஞ்சினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பாத்த நோய் இருந்த நோய்தான், டீச்சரம்மா. மருந்து கொடுங்கன்னா பாடையக் கொண்டாந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "படிச்சவங்க நாலு பேரு சேந்து ஒரு காயிதத்த எழுதியே வீட்ட இடிச்சுட்டீங்க. கைநாட்டுப் பேர்வழி எவனாச்சும் போய்ச் சொல்லியிருந்தா கூரையாச்சும் மாறியிருக்கும்லா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

முதலாளியைப் பார்க்க நால்வரும் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டேன், பழுது வேலை முடியும்வரை அங்கே என் அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்று. வழி முழுவதும் தலைவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடிகாரத்தைப் பார்த்து, "நம்ம காலத்துல இப்படி இல்ல" என்றார். ரயில் சரியான நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி எங்களைக் கண்டதும் எழுந்து நின்று வரவேற்றார். எங்களுக்குக் காப்பி வந்தது, வாழைப்பழம் வந்தது. "அந்த எடத்துல கடை கட்டலாம்னு ரொம்ப நாளா யோசனை. குடியிருக்கிறவங்கள எப்படி எழுப்புறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. உங்க சங்கம் பெரிய உபகாரம் பண்ணியிருக்கு" என்றார். பழுதுபார்க்கும் பேச்சை எடுத்தோம். "நீங்களே செஞ்சுக்கிறதா இருந்தா செஞ்சுக்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். காப்பி நன்றாக இருந்தது என்று திரும்பும் வழியில் தையல்காரர் சொல்ல, தலைவர் பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்தார்.

இனி எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆணி அடிக்கத் தெரியாத நான்கு பேர், பன்னிரண்டு வீடு, இருபத்தைந்து நாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இருபத்தைந்து நாளும் பார்க்க வேண்டிய கூத்து. தலைவர் வேலைக்குக் கால அட்டவணை போட்டார். முதல் வீட்டுக் கூரை காலை ஏழு பத்துக்குப் புறப்படும், மூன்றாம் வீட்டு லோங்காங் எட்டு இருபத்தைந்துக்கு. பத்து நிமிஷம் பிந்தினால் காரணம் எழுதித் தர வேண்டும். சந்தில் ஓலை தூக்கி வருகிறவரும் மண் தூக்கி வருகிறவரும் எதிரெதிரே வந்தால் ஒருவரை நிறுத்தி மற்றவரை விடுவார். அகலமான சந்துதான், இருவரும் தாராளமாகப் போகலாம். ஆனாலும் நிறுத்துவார்.

தையல்காரர்தான் எங்களை ஆச்சரியப்படுத்தினார். அத்தாப்பு ஓலையை மூங்கில் சிம்பில் மடித்துப் பிரம்பு நாரால் தைக்க வேண்டும் என்று ஒரு மலாய்க்காரர் வந்து ஒரே ஒரு தடவை செய்து காட்டினார். மறுநாளே நம்மாள் துரைக்கோட்டு மாதிரி நெருக்கத் தையல் போட ஆரம்பித்துவிட்டார். கூரையைக் கட்டியதும் கீழே இறங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "தோள்பட்ட தூக்குது" என்று மறுபடி ஏறிப் பிரித்துத் தைத்தார். இந்தத் தடவை அரை அங்குலம் சேர்க்கவில்லை. டிரெஸ்ஸர் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார், லோங்காங்கில் மண்ணெண்ணெய் ஊற்றினார், கிருமி மருந்து தெளித்தார். வரிசை முழுக்க ஆஸ்பத்திரி வாடை. நான் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டேன். வராதவர்களின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். ரயில் பட்டறையில் வேலை பார்த்த பெரிய மீசைக்காரர்கள்கூட "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள்.

என் வீட்டுக்கு வந்தபோது மூவருக்கும் தனி உற்சாகம். காரியதரிசியின் வீடு முன்மாதிரியாக இருக்க வேண்டுமாம். வெள்ளம் ஏறாமலிருக்கச் சமையலறைத் தரையை மண் போட்டு உயர்த்தி மற்ற தரையோடு சமமாக்கினார்கள். புகை நுரையீரலுக்கு ஆகாது என்று டிரெஸ்ஸர் அடுப்பைப் பெயர்த்து இடது பக்கம் ஜன்னலோரம் வைத்தார். பீப்பாய் பின்வாசலுக்குப் போயிற்று. வாசலுக்கு உள்ளே கத்திக்கொண்டிருந்த பலகையைத் தையல்காரர் மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நல்லது, செய்யுங்கள் என்றேன். வீட்டைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அது யாருக்காக என்பதை நான் மறந்தே போனேன். இன்றுவரை அதற்காக என்னை நான் மன்னித்துக்கொள்ளவில்லை.

மறுசோதனைக்கு முந்தின நாள் அண்ணன் அம்மாவைக் கூட்டிவந்தார். அம்மாவின் நெற்றியில் பெரிய தழும்பு. போன அன்றே நிலைப்படியில் இடித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு அங்கே ஒரு பெஞ்சைவிட்டு எழவே இல்லையாம். "சாப்பிடக்கூடக் கூப்பிட்டாத்தான் வராங்க. இப்படி நான் பாத்ததே இல்ல" என்றார் அண்ணன்.

ஆனால் சந்துக்குள் நுழைந்ததும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. வாசலில் என் கையை உதறினார்.

"கைய விடு. என் வீட்டுக்குள்ள எனக்கு வழி தெரியும்."

நாங்கள் நால்வரும் பின்னால் நின்றோம். நாங்கள் செய்ததையெல்லாம் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று எல்லார் முகத்திலும் ஆசை. அம்மா உள்ளே போனார். இரண்டாவது பலகையில் கால் வைத்தார், சத்தம் வரவில்லை. நின்றார். மறுபடி மிதித்துப் பார்த்தார். பிறகு பாய் விரிக்கும் இடம்வரை வந்து, அங்கிருந்து தன் கணக்குப்படி ஒன்பது காலடி நடந்து, கீழே படி இருக்கும் என்று காலை இறக்கினார். படி இல்லை. தரை முன்னாலேயே வந்து காலில் மோத, முன்னால் சாய்ந்து, பீப்பாயைப் பிடிக்க இடது கையை நீட்டினார். கை போய் அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

அம்மா எழுந்து நின்று சாம்பலை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"யாரு வீட்டுக்குடி என்னக் கூட்டியாந்திருக்க?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தலைவரின் கையில் எந்தக் கொடியும் இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பன்னிரண்டு வீட்டையும் பார்த்தார், குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடைசியாக என் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "என்னம்மா, வீடு இப்ப நல்லா இருக்கா?"

அம்மா ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், எல்லாம் போயிற்று.

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கய்யா" என்றார் அம்மா. "எனக்குத்தான் இன்னும் காட்டல."

இன்ஸ்பெக்டர் அம்மாவின் கண்ணைப் பார்த்தார், நெற்றித் தழும்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உத்தரவு ரத்தாகியது. வரிசை முழுக்கச் சிரிப்பும் சத்தமும். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கொண்டாடவில்லை.

அன்று மத்தியானமே அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார். எங்களை ஆளுக்கொரு மூலையில் நிற்கவைத்தார். தலைவர் வாசலில், தையல்காரர் சமையல்கட்டு வழியில், டிரெஸ்ஸர் அடுப்பருகே, நான் பின்வாசலில். அம்மா நடப்பார், நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். தலைவர் ஸ்டேஷன் பெயரைக் கூவுகிற மாதிரி "வாசல், வாசல்" என்று கூவினார். நடந்து பார்த்தபின் அம்மா தீர்ப்புச் சொன்னார். அடுப்பு ஜன்னலோரமே இருக்கலாம், புகை குறைந்திருக்கிறது. தரையும் இருக்கட்டும். பீப்பாய் மட்டும் உள்ளே, முன்பு அடுப்பு இருந்த வலது பக்கத்துக்கு வர வேண்டும். டிரெஸ்ஸர் ஏதோ சுகாதாரக் காரணம் சொல்ல வாயெடுத்தார்.

"தண்ணி மொள்ளப் போயிப் பின்வாசல்ல உருண்டு லோங்காங்ல விழுந்தா, அது எந்தச் சுகாதாரம்?"

பீப்பாய் வந்துவிட்டது. அடுத்தது வாசல் பலகை. பழைய பலகை அடுப்புக்குப் போய்விட்டிருந்தது. தையல்காரர் ஊர் முழுக்கத் தேடிக் கத்துகிற பலகைகளாகக் கொண்டுவந்தார். ஒன்றைப் பொருத்துவார், ஏறி மிதிப்பார், அம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். "இது பூனை மாதிரி கத்துது." "இது ரொம்ப மெதுவா இருக்கு, நீ வந்தா தெரியும், இவ வந்தா தெரியாது." நான்காவது பலகையில்தான் சரி என்றார். துரைமார்கூட இத்தனை தடவை திருப்பி அனுப்பியதில்லை என்று தையல்காரர் முணுமுணுத்தாலும், அது தேறியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பத்துப் பன்னிரண்டு நாளில் அம்மா மறுபடி சோறு வடித்தார். குழாயடியில் மறுபடி சண்டை போட்டார்.

அடுத்த மாதம் பக்கத்து வரிசைக்காரர்கள், தங்களுக்கும் ஒரு மனு எழுதித் தரும்படி எங்களைத் தேடி வந்தார்கள். எங்கள் சங்கத்தின் மீது அவர்களுக்கு இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. டிரெஸ்ஸர் பேனாவை எடுத்தார். தலைவர் சிவப்புக் கொடியைக் காட்டி அவரை நிறுத்தினார். "முதல்ல பெரியம்மா போய் வீட்டப் பாக்கட்டும்" என்றார். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

போவதற்கு முன் அம்மாவை நிர்வாகக் குழுவில் சேர்க்க வேண்டும், விதி அப்படி என்றார் தலைவர். நோட்டுப் புத்தகத்தை விரித்து, எங்கள் நான்கு பெயருக்கும் கீழே அம்மாவின் பெயரை எழுதினார். எங்கள் பெயருக்கு எதிரே எங்கள் தொழில்கள் இருந்தன. அம்மாவுக்கு எதிரே என்ன எழுதுவது என்று தயங்கினார்.

"பெரியம்மா, தொழில் என்னன்னு போட?"

"வீட்டுல குடியிருக்கேன்னு போடு" என்றார் அம்மா. "உங்க நாலு பேருல அந்த வேலை தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல."

தலைவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.